கணக்குப் புத்தகம் திருடன் கையிலா?

வீடு வாங்குகிறோம். பத்திரம் எழுதுகிறோம். அதைப் பதிவு ஆபீசில் பதிவு செய்கிறோம்.

பத்திரம்தான் நம் பெட்டியில் இருக்கிறதே! பிறகு எதற்குப் பதிவு?

வீடு தீப்பிடிக்கலாம். வெள்ளம் வரலாம். பெட்டியோடு பத்திரம் களவு போகலாம். அப்போதும் பதிவு ஆபீசில் அதன் நகல் இருக்கும். மனுப் போட்டு வாங்கிக் கொள்ளலாம். பத்திரத்தைத் திருடியவன் அதிலே எழுத்தைத் திருத்தினாலும், ஆபீசில் உள்ள நகல் அவனைக் காட்டிக் கொடுத்துவிடும்.

முக்கியமான கணக்கு ஒரே இடத்தில் இருக்கக் கூடாது. அதிலும், திருடன் கை எட்டும் இடத்தில் இருக்கவே கூடாது. படிக்காதவர்களுக்கும் தெரிந்த உண்மை இது.

ஆனால், படித்தவர்கள் நடத்தும் பல ஆபீசுகள் இதை மறந்து விடுகின்றன.

இன்று பாங்கியில் கம்ப்யூட்டர். ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர். நகராட்சி ஆபீசிலும், கல்லூரியிலும் கம்ப்யூட்டர். அவற்றை இணைக்கும் யந்திரங்கள் இரவும் பகலும் கணக்கு எழுதுகின்றன. யார் வந்தார், எப்போது வந்தார், என்ன செய்தார் என்று குறித்து வைக்கின்றன. பல இடங்களில் அந்தக் கணக்கு, எழுதிய யந்திரத்தின் வயிற்றிலேயே கிடக்கிறது. உள்ளே புகுந்த திருடன் பொருளையும் எடுக்கலாம், கணக்கையும் கிழிக்கலாம்.

போவது நம் பணம். நம் நோய்க் குறிப்பு. நம் பிள்ளைகள் வாங்கிய மார்க்கு. ஆகவே, இது கம்ப்யூட்டர்காரர்கள் விஷயம் என்று நாம் சும்மா இருக்க முடியாது.

யந்திரம் எழுதும் நாட்குறிப்பு

ஒரு பாங்கிக் கிளையில் 10 கம்ப்யூட்டர்கள் இருப்பதாக வைத்துக் கொள்வோம்.

அவற்றைக் கம்பியால் ஒன்று சேர்க்கும் பெட்டிக்கு "ஸ்விட்ச்" என்று பெயர். விளக்குப் போடும் சுவிட்ச் வேறு, இது வேறு.

அங்கிருந்து வெளியூருக்குப் போகும் செய்தியை வழி பார்த்து அனுப்பும் பெட்டி "ரூட்டர்". தபால் ஆபீசில் கடிதங்களை ஊர் வாரியாகப் பிரித்து அனுப்புகிறார்கள் அல்லவா? அந்த வேலையை இது செய்கிறது.

உள்ளே யார் வரலாம், யார் வரக்கூடாது என்று வாசலில் நின்று பார்க்கும் காவல்காரன் "பயர்வால்".

இந்த மூன்றும் நாட்குறிப்பு எழுதுகின்றன. அதற்கு "லாக்" என்று பெயர்.

லாக் என்றால் ஆங்கிலத்தில் மரக்கட்டை. பாய்மரக் கப்பல் ஓடிய காலத்தில், கயிறு கட்டிய மரக்கட்டையைக் கடலில் வீசுவார்கள். கயிறு எவ்வளவு ஓடுகிறது என்று பார்த்துக் கப்பலின் வேகத்தைக் கணக்கிடுவார்கள். அதை எழுதி வைத்த புத்தகத்துக்கு "லாக் புத்தகம்" என்று பெயர் வந்தது. அந்தப் பெயர் கப்பலிலிருந்து கரை ஏறி, கம்ப்யூட்டருக்கும் வந்துவிட்டது.

யந்திரம் என்ன எழுதும்? ஓர் உதாரணம் பாருங்கள்:

"இரவு 2 மணி 14 நிமிடம்: ஒருவர் உள்ளே வர முயன்றார். ரகசியச் சொல் தவறு."

"2 மணி 15 நிமிடம்: மறுபடியும் தவறு."

"2 மணி 19 நிமிடம்: ரகசியச் சொல் சரி. உள்ளே வந்தார்."

"2 மணி 23 நிமிடம்: யந்திரத்தின் அமைப்பு மாற்றப்பட்டது."

நான்கே வரி. ஆனால், இதைப் படித்தவுடன் நமக்குத் திக்கென்கிறது. இரவு 2 மணிக்கு வந்தவர் யார்? எதை மாற்றினார்? நாட்குறிப்பின் பெருமை இதுதான். யந்திரம் சாட்சி சொல்கிறது.

சாட்சியின் பலவீனம்

இந்தச் சாட்சிக்கு மூன்று பலவீனங்கள் உண்டு.

முதலாவது, நினைவு குறைவு. சில ரூட்டர்களில் யாரும் மாற்றி அமைக்காவிட்டால், 4,096 எழுத்துக்குத்தான் இடம் இருக்கும். ஒரு வரிக்கு 100 எழுத்து என்றால், 40 வரிதான் எழுதலாம். 41-வது வரி வந்ததும் முதல் வரி அழிந்து விடும். பள்ளிக்கூடத்துச் சிலேட்டைப் போல, எழுதி எழுதி அழிக்க வேண்டியதுதான்.

இரண்டாவது, மின்சாரம் போனால் சிலேட்டும் காலி. பெட்டியை அணைத்துப் போட்டால் பழைய வரிகள் மறைந்து விடும். யந்திரம் கோளாறு செய்தால் நம் ஆட்கள் முதலில் என்ன செய்கிறார்கள்? அணைத்துப் போடுகிறார்கள்! கோளாறுக்கான காரணம் எழுதியிருந்த பக்கம் அப்போதே போய்விடுகிறது.

மூன்றாவதுதான் பெரிய ஆபத்து. உள்ளே புகுந்தவன் யந்திரத்தின் தலைமைப் பொறுப்பைக் கைப்பற்றி விட்டால், அவனே நாட்குறிப்பை அழிக்கலாம். சாட்சியின் வாயைத் திருடனே பொத்தி விடலாம்.

இதெல்லாம் கற்பனை அல்ல. உலகத்தில் நடந்த இரண்டு சம்பவங்களைச் சொல்கிறோம். இரண்டிலும் ஒரு பிரிண்டர் வருகிறது. ஒன்று திருடனைப் பிடித்துக் கொடுத்தது. மற்றொன்று வாயடைத்துப் போனது.

75 சென்ட் கணக்கு

முதல் சம்பவம் 1986-ம் ஆண்டு நடந்தது. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் லாரன்ஸ் பர்க்லி ஆராய்ச்சிக் கூடம் இருக்கிறது. அங்கே கிளிபோர்டு ஸ்டோல் என்பவர் வேலை பார்த்தார். அவர் வானத்து நட்சத்திரங்களை ஆராய்ந்தவர். கம்ப்யூட்டர் பிரிவுக்கு அவரை மாற்றியிருந்தார்கள்.

அந்தக் காலத்தில் கம்ப்யூட்டரை எவ்வளவு நேரம் பயன்படுத்துகிறோமோ, அவ்வளவுக்குக் கட்டணம். கணக்குப் பார்த்தபோது 75 சென்ட் உதைத்தது. ஒரு டாலர் கூட இல்லை, முக்கால் டாலர்!

வேறொருவராக இருந்தால் "போகட்டும்" என்று விட்டிருப்பார். ஸ்டோல் விடவில்லை. தோண்டிப் பார்த்தார். யாரோ வெளியாள் உள்ளே வந்து போகிறான் என்று தெரிந்தது. கம்ப்யூட்டரின் தலைமைப் பொறுப்பையே அவன் கைப்பற்றி இருந்தான். உள்ளே இருக்கும் எந்தக் கணக்கையும் அவன் அழித்து விடலாம்.

ஸ்டோல் என்ன செய்தார் தெரியுமா?

சனி, ஞாயிறு விடுமுறையில் ஆபீசில் கிடந்த பிரிண்டர்களையும் டெலிபிரிண்டர்களையும் இரவல் எடுத்தார். வெளியிலிருந்து வரும் டெலிபோன் இணைப்புகள் சுமார் 50. ஒவ்வொன்றிலும் ஒரு கருவியை மாட்டினார். அங்கேயே படுத்துத் தூங்கினார்.

திருடன் வந்தான். அவன் தட்டிய ஒவ்வோர் எழுத்தும் காகிதத்தில் அச்சாகி விழுந்தது. அப்படி ஒரு பிரிண்டர் ஓடுவதே அவனுக்குத் தெரியாது. ஏனென்றால், அது கம்ப்யூட்டருக்குள் இல்லை. வெளியே வாசலில் இருந்தது. கம்ப்யூட்டரையே ஆண்டவனால், காகிதத்தில் விழுந்த ஓர் எழுத்தைக் கூட அழிக்க முடியவில்லை.

அந்தக் காகிதத்தை வைத்துக் கொண்டு பல மாதம் தேடினார்கள். தடம் கடல் தாண்டி, மேற்கு ஜெர்மனியில் ஹானோவர் நகரத்துக்குப் போயிற்று. அங்கே ஓர் இளைஞன் அகப்பட்டான். அவனும் கூட்டாளிகளும் திருடிய தகவலைச் சோவியத் உளவு இலாகாவுக்கு விற்று வந்தார்கள். அவர்கள் குற்றவாளிகள் என்று 1990-ல் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லிற்று.

ஒரு நாட்டின் ராணுவ ரகசியத்தைத் தேடியவர்களை 75 சென்ட் கணக்கும், தனி இடத்தில் இருந்த காகிதமும் பிடித்துக் கொடுத்தன.

டாக்காவில் நின்ற பிரிண்டர்

இரண்டாவது சம்பவம் நமக்குப் பக்கத்தில், வங்காள தேசத்தில் நடந்தது. ஆண்டு 2016, மாதம் பிப்ரவரி.

அந்த நாட்டின் மத்திய பாங்கி டாக்கா நகரத்தில் இருக்கிறது. அதன் பணம் அமெரிக்காவில் நியூயார்க் பெடரல் ரிசர்வ் பாங்கியில் இருந்தது. பணத்தை அனுப்பச் சொல்லும் உத்தரவுகள் கம்ப்யூட்டர் வழியாகப் போகும். அவற்றின் விவரத்தை டாக்காவில் ஒரு பிரிண்டர் அச்சடித்துக் கொண்டே இருக்கும்.

பிப்ரவரி 5, வெள்ளிக்கிழமை. அங்கே வார விடுமுறை. வேலைக்கு வந்த உத்தியோகஸ்தர்கள், பிரிண்டர் நின்று போயிருப்பதைப் பார்த்தார்கள். "பிரிண்டர் என்றால் கோளாறு செய்யத்தான் செய்யும்" என்று நினைத்துக் கொண்டார்கள்.

அது சாதாரணக் கோளாறு அல்ல. முந்திய இரவு திருடர்கள் பாங்கியின் பெயரால் 35 உத்தரவுகளை அனுப்பியிருந்தார்கள். மொத்தம் 95 கோடியே 10 லட்சம் டாலர்! அனுப்பிய அடையாளம் தெரியாமல் இருக்க, கம்ப்யூட்டரில் இருந்த பதிவுகளை அழிக்கவும், பிரிண்டரை ஏமாற்றவும் தனியாக ஒரு புரோகிராமே எழுதி வைத்திருந்தார்கள்.

பிரிண்டரைச் சரி செய்து விஷயம் வெளிவந்தபோது காலம் கடந்து விட்டது. 30 உத்தரவுகளை நியூயார்க்கில் நிறுத்தி விட்டார்கள். 5 உத்தரவுகள் நிறைவேறி விட்டன. 8 கோடியே 10 லட்சம் டாலர் பிலிப்பைன்ஸ் நாட்டுக்குப் போயிற்று. 2 கோடி டாலர் இலங்கைக்குப் போயிற்று. இலங்கைக்குப் போன உத்தரவில், "பவுண்டேசன்" என்ற சொல்லைத் திருடர்கள் பிழையாக எழுதி இருந்தார்கள். அந்த எழுத்துப் பிழையால் சந்தேகம் வந்தது. அந்த 2 கோடி திரும்பிற்று.

இதில் இன்னொரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும்.

அந்தப் பாங்கியில் பயர்வால் இல்லை என்றும், 10 டாலருக்கு வாங்கிய பழைய ஸ்விட்சுகளால் கம்ப்யூட்டர்களை இணைத்திருந்தார்கள் என்றும், விசாரித்த போலீஸ் அதிகாரி 2016 ஏப்ரலில் செய்தியாளரிடம் சொன்னார். அதனால், திருடர்கள் உள்ளே என்னென்ன செய்தார்கள் என்று கண்டுபிடிப்பதும் கடினமாயிற்று.

கோடிக் கணக்கில் டாலர் புழங்கும் வீடு. வாசலில் காவல்காரன் இல்லை. உள்ளே நாட்குறிப்பும் இல்லை!

பர்க்லியில் பிரிண்டர் திருடன் கைக்கு எட்டாத இடத்தில் இருந்தது. டாக்காவில் அது திருடன் பிடித்த கம்ப்யூட்டரின் சொற்படி ஆடிற்று. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு இவ்வளவுதான்.

என்ன செய்ய வேண்டும்?

ஒவ்வொரு யந்திரமும் எழுதும் நாட்குறிப்பை, எழுதிய அந்த நொடியிலேயே, வேறோர் இடத்துக்கு அனுப்பி வைக்க வேண்டும். அந்த இடத்தில் ஒரு தனிக் கம்ப்யூட்டர் இருக்கும். அதற்கு "லாக் சர்வர்" என்று பெயர். எல்லா யந்திரங்களின் கணக்கும் அங்கே வந்து சேரும். இதுதான் கம்ப்யூட்டர் உலகத்தின் பதிவு ஆபீஸ்.

இது புதிய வித்தை அல்ல. 1980-களில் எரிக் ஆல்மன் என்ற அமெரிக்கர் "சிஸ்லாக்" என்ற முறையைக் கண்டுபிடித்தார். மின்னஞ்சல் அனுப்பும் தமது புரோகிராமுக்காக அவர் செய்தது, பிறகு உலகம் முழுவதும் பரவிற்று. ஆபீசுகளுக்கென்று விற்கும் ரூட்டர், ஸ்விட்ச், பயர்வால்களில் பெரும்பாலானவற்றுக்குச் சிஸ்லாக் தெரியும். சிஸ்கோ கம்பெனியின் ரூட்டரில் "லாக்கிங் ஹோஸ்ட்" என்று எழுதி, சர்வரின் எண்ணைக் கொடுத்தால் போதும். ஒரே ஒரு வரி!

ஆனால், அந்த வரியை எழுதிவிட்டுத் தூங்கக் கூடாது. ஐந்து காரியங்கள் செய்ய வேண்டும்.

ஒன்று: எதை எழுதுவது?

சிஸ்லாக் முறையில் செய்திகளுக்கு 8 படிகள் உண்டு. 0 முதல் 7 வரை எண் போட்டிருப்பார்கள். 0 என்றால் யந்திரமே படுத்து விட்டது என்று பொருள். 1, 2, 3 ஆகியவை ஆபத்தும் பிழையும். 4 எச்சரிக்கை. 5 கவனிக்க வேண்டியது. 6 சாதாரணத் தகவல். 7 என்பது ரிப்பேர்க்காரருக்கான நுணுக்கம்.

எண் குறையக் குறைய, ஆபத்து அதிகம்.

"ஆபத்தை மட்டும் அனுப்பு" என்று 3-ம் படியோடு நிறுத்தி விடுகிறவர்கள் உண்டு. அது தவறு. சிஸ்கோ யந்திரத்தில் கம்பி அறுந்தால் 3-ம் படிச் செய்தி வரும். ஆனால், யாரோ அமைப்பை மாற்றினார் என்பது 5-ம் படிச் செய்தி! திருடனின் காலடி ஓசை மெல்லத்தான் கேட்கும். ஆகவே, 6-ம் படி வரை அனுப்ப வேண்டும். 7-ம் படியைத் திறந்து விட்டால் செய்தி வெள்ளமாக வரும். அதைத் தேவையானபோது மட்டும் திறந்தால் போதும்.

இரண்டு: கடிகாரம்

எல்லா யந்திரமும் ஒரே நேரத்தைக் காட்ட வேண்டும்.

மின்சாரம் போய் வந்தால் சில ஸ்விட்சுகள் "1993 மார்ச் 1" என்று தேதி போடும்! பயர்வால் 2 மணி என்கிறது; ரூட்டர் 3 மணி என்கிறது; ஸ்விட்ச் 1993-ம் ஆண்டு என்கிறது. முதலில் வந்தது எது, பிறகு நடந்தது எது? மூன்று சாட்சிகள் மூன்று நேரம் சொன்னால், எந்தக் கோர்ட்டு நம்பும்?

இந்திய நேரத்தைக் காப்பது புதுடில்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம். அதன் கடிகாரத்தோடு கம்ப்யூட்டர்கள் தாமாகவே நேரத்தைச் சரி பார்த்துக் கொள்ள வழி இருக்கிறது. அதைச் செய்து விட வேண்டும்.

மூன்று: எப்படி அனுப்புவது?

பழைய சிஸ்லாக் முறை, தபால் கார்டு போன்றது. போய்ச் சேர்ந்ததா என்று தெரியாது. வழியில் யாரும் படிக்கலாம். போலிக் கார்டும் போடலாம். இதற்கு 514 என்ற எண்ணுள்ள வாசல்.

புதிய முறை, உறையில் போட்டு அரக்கு முத்திரை வைத்து, கையெழுத்து வாங்கிக் கொடுக்கும் தபால் போன்றது. இதற்கு 6514 என்ற எண்ணுள்ள வாசல். இது 2009-ல் வகுக்கப்பட்டது. யந்திரத்துக்கு இது தெரிந்தால், இதையே பயன்படுத்த வேண்டும். தெரியாத பழைய யந்திரமாக இருந்தால், வெளியார் நடமாடாத தனி வழியில் அனுப்ப வேண்டும்.

நான்கு: சாவி யாரிடம்?

கல்லாப் பெட்டியும் கணக்குப் புத்தகமும் ஒரே ஆளிடம் இருக்கக் கூடாது. கடை வைத்திருப்பவர்களுக்கு இது தெரியும்.

ரூட்டரின் ரகசியச் சொல்லையே லாக் சர்வருக்கும் வைத்தால், ஒரு சாவியில் இரண்டு பூட்டும் திறந்து விடும். சர்வருக்குத் தனிச் சொல் வேண்டும். தனிப் பொறுப்பாளர் வேண்டும். ரூட்டரை நடத்துகிறவர் சர்வரில் கணக்கைப் படிக்கலாம். அழிக்க முடியக் கூடாது. இன்னொரு நகலை, வாரம் ஒரு முறை, இணைப்பே இல்லாத பெட்டியில் எடுத்து வைப்பது மேலும் நல்லது.

மக்கள் எங்கே போனார்கள், எதைப் பார்த்தார்கள் என்பதும் இந்தக் கணக்கில் இருக்கும். ஆகவே, வேடிக்கை பார்க்கிறவர்கள் கையில் இது அகப்படக் கூடாது. தவணை முடிந்ததும் முறைப்படி அழித்துவிட வேண்டும்.

ஐந்து: யார் படிப்பது?

எழுதினால் போதாது, படிக்க வேண்டும்.

அமெரிக்காவில் "டார்கெட்" என்ற பெரிய கடை நிறுவனம் இருக்கிறது. 2013 இறுதியில் அதன் வாடிக்கைக்காரர்களின் சுமார் 4 கோடி பாங்கிக் கார்டுகளின் விவரம் களவு போயிற்று. அங்கே காவல் யந்திரம் இருந்தது. அது எச்சரித்தது. எச்சரிக்கையை எடுத்து யாரும் நடவடிக்கை எடுக்கவில்லை. அரசாங்கம் சொன்ன பிறகுதான் நிறுவனம் விழித்துக் கொண்டது. நாய் குரைத்தது, வீட்டுக்காரர் தூங்கினார்.

எல்லா வரியையும் மனிதர் படிக்க முடியாது. உண்மைதான். "இரவில் யாராவது அமைப்பை மாற்றினால் எனக்குச் சொல்லு", "ஐந்து முறை ரகசியச் சொல் தவறினால் எனக்குச் சொல்லு" என்று சர்வருக்கே உத்தரவு போடலாம்.

முக்கியமான இன்னோர் உத்தரவு: "எந்த யந்திரமாவது பேசாமல் இருந்தால் எனக்குச் சொல்லு!"

அழுகிற குழந்தை திடீரென்று அடங்கினால் தாய் எழுந்து பார்க்கிறாள். ஓயாமல் எழுதுகிற யந்திரம் எழுதாமல் நின்றால், அதுவும் ஒரு செய்திதான். டாக்காவில் அன்று பிரிண்டரின் மௌனத்தை யாராவது உடனே சந்தேகித்திருந்தால், பணத்தை நிறுத்தச் சொல்லிச் சில மணி நேரமாவது முன்னால் கூவியிருக்கலாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

நம் நாட்டில் கம்ப்யூட்டர்களின் பாதுகாப்பைக் கவனிக்க மத்திய அரசாங்கம் "செர்ட்-இன்" என்ற அமைப்பை வைத்திருக்கிறது. 2022 ஏப்ரல் 28-ம் தேதி அது ஓர் உத்தரவு போட்டது.

எல்லாக் கம்ப்யூட்டர் அமைப்புகளின் லாக்கையும் 180 நாள் காப்பாற்ற வேண்டும். கடிகாரங்களை அரசாங்கம் காட்டும் கடிகாரத்தோடு பொருத்த வேண்டும். உத்தரவில் சொல்லியிருக்கும் வகைத் தாக்குதல் நடந்தது தெரிந்தால், 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். சிறு தொழில்களுக்கு 2022 செப்டம்பர் 25 வரை அவகாசம் கொடுத்தார்கள். அந்த அவகாசமும் முடிந்து விட்டது.

இந்த உத்தரவை நாம் வரவேற்கிறோம். ஆனால், இரண்டு குறைகளைச் சொல்ல வேண்டி இருக்கிறது.

முதல் குறை: பாங்கி, ஆஸ்பத்திரி போன்ற பெரிய இடங்களுக்கு 180 நாள் போதாது.

டாக்காத் திருடர்கள் திடீரென்று வரவில்லை. 2015-ன் தொடக்கத்திலேயே, வேலை கேட்பதுபோல் கடிதம் அனுப்பி உள்ளே புக வழி செய்தார்கள் என்று அமெரிக்க அரசாங்கத்தின் குற்றச்சாட்டு மனு கூறுகிறது. திருட்டு நடந்தது 2016 பிப்ரவரியில். நடுவில் ஓராண்டு! 180 நாள் கணக்கு மட்டும் வைத்திருந்தால், திருடன் உள்ளே வந்த பக்கம் அழிந்து போயிருக்கும். கார்டு மூலம் பணம் வாங்கும் நிறுவனங்களுக்கு உலக அளவில் ஒரு விதி உண்டு. அது ஓராண்டுக் கணக்குக் கேட்கிறது. அதில் கடைசி 3 மாதம் உடனே எடுத்துப் பார்க்கும்படி இருக்க வேண்டும் என்கிறது. மக்கள் பணத்தையும் உயிரையும் காக்கும் எல்லா இடத்துக்கும் இதுவே அளவாக இருக்கட்டும்.

இரண்டாவது குறை: உத்தரவு போட்டால் மட்டும் வேலை நடந்து விடாது.

கிராமக் கணக்கை ஆண்டுக்கு ஒரு முறை ஜமாபந்தியில் வைத்துச் சரி பார்க்கிறார்கள். அதுபோல் கம்ப்யூட்டர் கணக்குக்கும் ஒரு ஜமாபந்தி வேண்டும். பரீட்சை மிகவும் சுலபம். மூன்று மாதத்துக்கு முந்திய ஒரு தேதியைச் சொல்லுங்கள். "அன்று இரவு இந்த ரூட்டருக்குள் வந்தவர் யார்?" என்று கேளுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் பக்கத்தை எடுத்துக் காட்டினால், அந்த ஆபீஸ் பாஸ். விழித்தால் பெயில். ஒவ்வோர் ஆபீசிலும் மேலதிகாரியே இந்தக் கேள்வியைக் கேட்கலாம். அதற்குக் கம்ப்யூட்டர் படிப்பு தேவை இல்லை.

"எங்களுக்கு வசதி இல்லை!"

சிறிய ஆஸ்பத்திரியும் சிறிய கம்பெனியும் இப்படிச் சொல்லலாம். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு சிறிய ஆபீசில் நாளொன்றுக்கு 10,000 வரி லாக் வருவதாக வைத்துக் கொள்வோம். வரிக்கு 100 எழுத்து என்றால், ஒரு நாளைக்கு 10 லட்சம் எழுத்து. 180 நாளைக்கு 18 கோடி எழுத்து. கேட்க மலைப்பாக இருக்கிறது. ஆனால், சாதாரண 16 ஜி.பி. பென் டிரைவில் இதைப் போல 80 மடங்குக்கு இடம் இருக்கிறது!

மூலையில் கிடக்கும் ஒரு பழைய கம்ப்யூட்டர் போதும். லினக்ஸ் இலவசம். லாக்கை வாங்கிச் சேர்க்கும் "ஆர்சிஸ்லாக்" புரோகிராமும் இலவசம். செய்யத் தெரிந்த பிள்ளைகள் ஊர்தோறும் படித்து விட்டு வேலை தேடுகிறார்கள். வசதி இல்லை என்பது சாக்கு; மனம் இல்லை என்பதே உண்மை.

இன்னொரு வாதமும் உண்டு. "லாக் திருட்டைத் தடுக்குமா?" என்பார்கள்.

தடுக்காது. தடுப்பது பூட்டின் வேலை. நல்ல ரகசியச் சொல்லும், நல்ல பயர்வாலும் கட்டாயம் வேண்டும். ஆனால், பூட்டு உடைந்த பிறகு, எந்தக் கதவு உடைந்தது, எது போயிற்று, எது மிஞ்சிற்று என்று சொல்வது லாக்தான். அது இல்லாவிட்டால், அடுத்த முறையும் திருடன் அதே கதவு வழியாக வருவான். அது மட்டுமா? குற்றம் செய்யாத குமாஸ்தாவின் மேல் பழி விழும். திருடனைக் காட்டிக் கொடுக்கும் கணக்கு, நல்லவரைக் காப்பாற்றவும் செய்யும்.

நம் வீட்டில்

வாசகர்களே! உங்கள் கையிலும் ஒரு லாக் இருக்கிறது.

பாங்கியில் பணம் எடுத்தால் உங்கள் டெலிபோனுக்கு ஒரு செய்தி வருகிறது அல்லவா? அது என்ன? உங்கள் கணக்கின் ஒரு வரி, பாங்கிக்கு வெளியே, உங்கள் கையில் வந்து சேருகிறது. பர்க்லியில் ஓடிய பிரிண்டர் அதுதான்! அதை அழிக்க, பாங்கிக்குள் புகுந்த திருடனாலும் முடியாது.

ஆகவே, அந்தச் செய்தியைப் படியுங்கள். படிக்கத் தெரியாத பெரியவர்களுக்குப் பிள்ளைகள் படித்துச் சொல்லுங்கள். நீங்கள் எடுக்காத பணம் 10 ரூபாயாக இருந்தாலும், "போகட்டும்" என்று விடாதீர்கள். அன்றைக்கே பாங்கிக்குச் சொல்லுங்கள். 75 சென்டை விடாதவர்தான் உளவாளியைப் பிடித்தார். வழக்கமாக வரும் செய்தி வராமல் நின்றாலும் விசாரியுங்கள்.

உங்கள் டெலிபோன் எண் மாறினால், பாங்கியில் உடனே மாற்றிக் கொடுங்கள். இல்லாவிட்டால் உங்கள் கணக்கு வேறு யார் கைக்கோ போகும்.

வீட்டில் இணையப் பெட்டி இருந்தால், அதற்குள்ளும் பெரும்பாலும் "சிஸ்டம் லாக்" என்று ஒரு பக்கம் இருக்கும். கம்ப்யூட்டர் படிக்கும் பிள்ளையை அதைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். பெட்டியோடு வந்த ரகசியச் சொல்லை மாற்றச் சொல்லுங்கள்.

பாங்கி மானேஜர்களுக்கும், ஆஸ்பத்திரி நிர்வாகிகளுக்கும், நகராட்சி அதிகாரிகளுக்கும் ஒரு வார்த்தை: நாளைக் காலை ஆபீசுக்குப் போனதும், உங்கள் கம்ப்யூட்டர் பொறுப்பாளரைக் கூப்பிடுங்கள். "நம் யந்திரங்களின் நாட்குறிப்பு எங்கே இருக்கிறது?" என்று கேளுங்கள்.

"யந்திரத்துக்குள்ளேயே இருக்கிறது" என்று அவர் சொன்னால், உங்கள் கணக்குப் புத்தகம் திருடன் கை எட்டும் இடத்தில் இருக்கிறது. அன்று மாலைக்குள் அதை வேறு இடத்துக்கு மாற்றுங்கள்.